ஒரே நாளில் 600 ஆண்டுகள்: அகமதாபாத் கட்டடங்களைப் படம் பிடிப்பது எப்படி?

வேலை விஷயமாக அகமதாபாத் போகிறீர்கள். வெள்ளிக்கிழமையோடு மீட்டிங் முடிந்துவிட்டது. திரும்பும் ஃப்ளைட் ஞாயிறு காலை. நடுவில் ஒரு சனிக்கிழமை முழுசாகக் கையில் இருக்கிறது. மாலுக்குப் போகலாம், ரூமில் தூங்கலாம். இல்லாவிட்டால், 15ஆம் நூற்றாண்டுப் பள்ளிவாசலில் காலையைத் தொடங்கி, 20ஆம் நூற்றாண்டின் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்கள் கான்கிரீட்டில் எழுப்பிய கட்டடங்களைப் பார்த்து மாலையை முடிக்கலாம். இரண்டும் ஒரே ஊரில், ஆட்டோவில் போய்வரும் தூரத்தில் இருக்கின்றன.

பெரிய கேமரா வேண்டாம், போன் போதும். எந்த நேரத்தில் எங்கே நிற்பது, எங்கே அனுமதி கேட்பது, எடுத்த படத்தை என்ன செய்வது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் நல்லது. இன்னொரு விஷயமும் மனசில் இருக்கட்டும். அந்தப் பள்ளிவாசலுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. மாலையில் பார்க்கப்போகும் நவீன கட்டடங்களில் பலவற்றுக்கு அது கிடையாது. அடுத்த முறை நீங்கள் போகும்போது அவை இருக்குமா என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

ஏன் அகமதாபாத்?

சுல்தான் அகமது ஷா 1411இல் சபர்மதி ஆற்றின் கிழக்குக் கரையில் உருவாக்கிய நகரம் இது. மதில் சூழ்ந்த இந்தப் பழைய நகரத்தை 2017இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் ஒரு நகரத்துக்கு இந்த அந்தஸ்து கிடைத்தது அதுதான் முதல் முறை.

ஆற்றைக் கடந்து மேற்குக் கரைக்கு வந்தால் வேறு கதை. சுதந்திரத்துக்குப் பிறகு, இங்கிருந்த ஜவுளி மில் முதலாளிகள் உலகின் முன்னணிக் கட்டடக் கலைஞர்களை அழைத்து வந்தார்கள். சண்டிகரை வடிவமைத்த லே கொர்பூசியேவின் நான்கு கட்டடங்கள் 1950களில் இங்கே எழுந்தன. 1962இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் இந்திய மேலாண்மைக் கழகத்தின், அதாவது ஐஐஎம் வளாகத்தின் வேலையைத் தொடங்கினார். கொர்பூசியேவிடமும் கானிடமும் வேலை செய்த பி.வி. தோஷி இந்த ஊரிலேயே தங்கிவிட்டார். 2018இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்றார். கட்டடக் கலையின் நோபல் என்று சொல்லப்படும் அந்தப் பரிசைப் பெற்ற முதல் இந்தியர் அவர்தான்.

கட்டடங்களைப் படம் எடுக்கக் கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு இதைவிட வசதியான ஊர் கிடைப்பது கஷ்டம். மரம், மணற்கல், செங்கல், கான்கிரீட் என எல்லாவற்றிலும் வெயில் எப்படி விழுகிறது என்பதை ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

100 வயது ஆகாத கட்டடத்துக்கு யார் பாதுகாப்பு?

தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச் சின்னங்களை இந்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. அதற்கான சட்டம் 1958இல் வந்தது. ஒரு கட்டடம் 'பழமையான நினைவுச் சின்னம்' ஆக வேண்டுமென்றால், குறைந்தது 100 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். பட்டியலில் வந்துவிட்டால் பாதுகாப்பு பலமானது. சுற்றிலும் 100 மீட்டருக்குப் புதுக் கட்டுமானம் கூடாது. அதைத் தாண்டி இன்னொரு 200 மீட்டருக்குக் கட்டுப்பாடுகள் உண்டு.

அப்படியானால், 1950, 60, 70களில் கட்டியவை? சில நகரங்களில் உள்ளூர் பாரம்பரியப் பட்டியல்கள் இருக்கின்றன. அதில் இடம் கிடைத்தால் தப்பிக்கும். கிடைக்காவிட்டால், உரிமையாளர் நினைத்தால் இடிக்கலாம்.

டெல்லி பிரகதி மைதானத்தில் 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்' என்று ஒரு கண்காட்சிக் கூடம் இருந்தது. ராஜ் ரேவல் வடிவமைப்பு. பொறியாளர் மகேந்திர ராஜ். 1972 ஆசிய வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டியது. உள்ளே ஒரு தூண்கூட இல்லாமல், கான்கிரீட் முக்கோணங்களைக் கோத்து எழுப்பிய பிரமாண்டமான கூடம். அதைக் காப்பாற்றச் சொல்லி இந்தியாவிலும் வெளிநாட்டிலும் இருந்து கட்டடக் கலைஞர்கள் குரல் கொடுத்தார்கள். டெல்லியின் பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவோ, 60 வயதாவது ஆன கட்டடங்களைத்தான் பரிசீலிக்க முடியும் என்றது. அந்தக் கூடத்துக்கு அப்போது வயது 45. 2017 ஏப்ரல் மாதம் ஒரே இரவில் இடித்துத் தள்ளினார்கள். இன்று அதைப் பார்க்க வேண்டுமென்றால் வரைபடங்களும் புகைப்படங்களும்தான் மிச்சம்.

அகமதாபாத்திலும் இதே மாதிரி ஒன்று நடந்தது. லூயி கான் கட்டிய ஐஐஎம் மாணவர் விடுதிகள் 18இல் 14ஐ இடிக்கப் போவதாக 2020 டிசம்பரில் நிர்வாகம் அறிவித்தது. 2001 பூகம்பத்தில் ஏற்பட்ட சேதம், நீர்க்கசிவு, தரம் குறைந்த செங்கல் ஆகியவை காரணமாகச் சொல்லப்பட்டன. உலகம் முழுக்க எதிர்ப்பு வந்தது. சில நாட்களிலேயே முடிவைத் திரும்பப் பெற்றார்கள். 2022 நவம்பரில், பாதுகாப்பாகத் தங்குவதற்கு மறுகட்டுமானம்தான் வழி என்று நிர்வாகம் மறுபடியும் அறிவித்தது.

இதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. மாணவர்கள் தூங்கும் அறையில் செங்கல் உதிர்ந்தால் யார் பொறுப்பு? ஆனால் அதே வளாகத்தில், கான் வடிவமைத்த விக்ரம் சாராபாய் நூலகத்தை நல்ல முறையில் புதுப்பித்தார்கள். அந்தப் பணிக்கு 2019இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாதுகாப்பு விருதும் கிடைத்தது. ஆக, நவீன கட்டடங்களைக் காப்பாற்றவே முடியாது என்று சொல்லிவிட முடியாது. காப்பாற்றுவது இடிக்கப்பட்டாலோ, மாற்றப்பட்டாலோ, அது எப்படி இருந்தது என்று சொல்லப்போவது படங்கள்தான். அதில் உங்கள் படமும் ஒன்றாக இருக்கலாம்.

வெயிலை வைத்து நாளைத் திட்டமிடுங்க

கட்டடம் நகராது. அதனால் நீங்கதான் வெயிலுக்கு ஏற்ற மாதிரி நகரணும். போவதற்கு முன் மேப்பில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: கட்டடத்தின் முகப்பு எந்தத் திசையைப் பார்க்கிறது?

இந்தியாவில் பள்ளிவாசல்களின் தொழுகைச் சுவர் மக்காவை நோக்கி, அதாவது மேற்குப் பக்கம் இருக்கும். அதனால் தொழுகைக் கூடத்தின் முகப்பு முற்றத்தைப் பார்த்து, கிழக்கு நோக்கி இருக்கும். காலை வெயில் நேராக முகப்பில் விழும். பெரும்பாலான கோயில்களும் கிழக்கு பார்த்தவைதான் என்பதால் அங்கேயும் காலைதான் நல்ல நேரம். பின்சுவரில் வேலைப்பாடு இருந்தால் மாலையில் போங்க.

சென்னைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம். நம்ம ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய 12.10 மணிக்கு. அகமதாபாத் மேற்கே தள்ளி இருப்பதால் அங்கே அது ஏறக்குறைய 12.40. சூரிய உதயமும் தாமதம்தான். டிசம்பரில் காலை ஏழு மணி தாண்டித்தான் விடியும். மறைவது ஆறு மணியை ஒட்டி. ஜூனில் மாலை ஏழரை வரை வெளிச்சம் இருக்கும், ஆனால் அந்த வெயிலில் உங்களால் நடக்க முடியாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை போவது உடம்புக்கும் படத்துக்கும் நல்லது. குளிர்காலச் சூரியன் நாள் முழுக்கத் தெற்கே சாய்ந்து போகும். அதனால் சுவரில் இருக்கும் செதுக்கல்கள் நிழலோடு எடுப்பாகத் தெரியும்.

காலை: போல் தெருக்களும் ஜாமா மஸ்ஜிதும்

பழைய நகரத்தின் குடியிருப்புகளை 'போல்' என்கிறார்கள். ஒரே சமூகத்தைச் சேர்ந்தவர்களோ ஒரே தொழில் செய்பவர்களோ சேர்ந்து வாழ்ந்த சின்னச் சின்னத் தெருக் கூட்டங்கள் இவை. நுழைய ஒரு வாசல். உள்ளே முட்டி மோதும் சந்துகள். செதுக்கு வேலை செய்த மர வீடுகள். வீட்டு வாசலில் இருக்கும் 'ஓட்லா'வைப் பார்த்தால் நம்ம திண்ணை ஞாபகம் வரும். பறவைகளுக்கு இரை போட, தூண் மேல் கூடு மாதிரி கட்டிய 'சபூத்ரோ'வையும் பார்க்கலாம்.

தனியாகப் போய் வழி தவறுவதைவிட, மாநகராட்சி நடத்தும் பாரம்பரிய நடையில் சேர்ந்துகொள்வது நல்லது. 1997 முதல் நடக்கிறது. காலையில் காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் தொடங்கி, சுமார் இரண்டரை மணி நேரத்தில் ஜாமா மஸ்ஜிதில் முடியும். நேரத்தையும் கட்டணத்தையும் முந்தின நாளே உறுதிப்படுத்திக்கோங்க.

போல் தெருவில் வெயில் நேராக உள்ளே வராது. எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பும் மென்மையான வெளிச்சம்தான் கிடைக்கும். மர வேலைப்பாடுகளுக்கு அதுவே போதும். முழு வீட்டையும் ஒரே படத்தில் அடக்கணும் என்று அல்ட்ரா வைடுக்கு மாறாதீங்க. வீடு வளைந்து தெரியும். கதவு, தாங்குகட்டை, ஜன்னல், திண்ணை எனத் தனித்தனியாக எடுங்கள். இவையெல்லாம் மக்கள் குடியிருக்கும் வீடுகள் என்பதையும் மறக்க வேண்டாம். வாசலில் பாட்டி உட்கார்ந்திருந்தால் முதலில் ஒரு வணக்கம், கேமரா அப்புறம். "ஃபோட்டோ லூம்?" என்று கேட்டால் புரியும். இதற்கு 'எடுக்கட்டுமா' என்று அர்த்தம். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்க.

ஜாமா மஸ்ஜித் 1424இல் கட்டி முடிக்கப்பட்டது. உள்ளே 260 தூண்கள். முற்றத்தின் கிழக்குப் பக்கம் நின்றால், வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்; முகப்பு முழுக்கப் பிரகாசமாகத் தெரியும். கூடத்துக்குள் தூண் வரிசைகளை எடுக்கும்போது, இரண்டு வரிசைக்கு நட்டநடுவில் நின்று போனை மார்பு உயரத்தில் நேராகப் பிடியுங்கள். இப்போதும் தொழுகை நடக்கும் இடம் இது. செருப்பைக் கழற்றிவிட்டு, தோளும் முழங்காலும் மறையும் உடையோடு போங்க. தொழுகை நேரத்தையும் வெள்ளிக்கிழமை மதியத்தையும் தவிர்த்துவிடுங்க.

நண்பகல்: அடாலஜ் படிக்கிணறு

பொதுவாக நடுப்பகல் படத்துக்கு ஆகாது என்பார்கள். படிக்கிணறு இதற்கு விதிவிலக்கு. நகரத்துக்கு வடக்கே சுமார் 18 கிலோமீட்டரில் இருக்கும் அடாலஜ், 15ஆம் நூற்றாண்டின் கடைசியில், ராணி ரூடாபாய் கட்டி முடித்தது. பூமிக்குள் ஐந்து நிலை இறங்குகிறது. குஜராத்தியில் இதை 'வாவ்' என்கிறார்கள். நம்ம 'வாவி'யும் இதுவும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். காஞ்சிபுரம் அருகே ஐயங்கார்குளத்தில் இருக்கும் நடவாவிக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு புதுசாக இருக்காது.

கிணறு வடக்கு-தெற்காக நீள்கிறது. சூரியன் உச்சிக்கு வரும் கொஞ்ச நேரம்தான் வெளிச்சம் ஆழத்துக்கு இறங்கும். அதனால் 12.10க்குள் அங்கே இருப்பது மாதிரி கிளம்புங்க. கீழே இருட்டு, மேலே கண்ணைக் கூசும் வெளிச்சம், போன் குழம்பிவிடும். வெளிச்சமான பகுதியைத் திரையில் தொட்டு, எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள். இருட்டை அப்புறம் எடிட்டில் ஏற்றிக்கொள்ளலாம். வெளுத்துப்போன பகுதியில் விவரத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அடித்தளத்திலிருந்து மேல்நோக்கி எண்கோணத் திறப்பை எடுப்பது இங்கே எல்லோரும் எடுக்கும் படம். அதையும் எடுத்துக்கோங்க. அப்படியே, தூணும் உத்திரமும் சேரும் இடத்தையும் சுவரின் செதுக்கல்களையும் கவனியுங்கள்.

மதியம் முதல் மாலை வரை: செங்கலும் கான்கிரீட்டும்

ஊருக்குத் திரும்பும் வழியில் சபர்மதி ஆசிரமம். காந்தி வாழ்ந்த 'ஹிருதய் குஞ்ச்' வீட்டைப் பார்த்துவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். பக்கத்திலேயே சார்லஸ் கொரியா வடிவமைத்த அருங்காட்சியகம் இருக்கிறது. 1963இல் நேரு திறந்துவைத்தது. ஆறு மீட்டருக்கு ஆறு மீட்டர் அளவுள்ள சதுர அறைகள், ஓட்டுக்கூரை, செங்கல் தூண்கள், நடுவில் நீர்த்தொட்டி. ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, மரப்பட்டிகள்தான். இந்த எளிமையைக் காட்ட, ஒரு சதுரத்தின் வழியாக அடுத்த சதுரம் தெரிவது மாதிரி நில்லுங்கள். ஆசிரமத்தைச் சுற்றி 1,200 கோடி ரூபாய் மறுமேம்பாட்டுத் திட்டம் 2024இல் தொடங்கப்பட்டது. சுற்றுப்புறம் வேகமாக மாறுகிறது. ஆகவே, அருங்காட்சியகத்தை மட்டுமல்லாமல் அதைச் சுற்றி இன்று என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்து எடுங்கள்.

அங்கிருந்து ஆசிரம சாலையிலேயே தெற்கே வந்தால் மில் உரிமையாளர் சங்கக் கட்டடம். லே கொர்பூசியே, 1954. சாலையைப் பார்த்த மேற்கு முகப்பில் கான்கிரீட் தடுப்புகள் சாய்வாக நிற்கின்றன. மேற்கு வெயில் உள்ளே வராமல் காற்று மட்டும் வருவதற்கான ஏற்பாடு அது. ஆற்றைப் பார்த்த கிழக்கு முகப்பில் அதே தடுப்புகள் நேராக நிற்கும். இந்தக் கட்டடத்துக்கு வெயில்தான் விஷயமே. அதனால் வெயில் அடிக்கும்போதுதான் எடுக்கணும். மூன்றரை, நான்கு மணிக்குச் சாலையில் நின்றால் தடுப்புகளின் நிழல் படிப்படியாக விழுவது தெரியும். உள்ளே போக அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்குங்க. கொர்பூசியேவின் இரண்டு வீடுகளும் இந்த ஊரில் உண்டு. அவை தனியார் குடியிருப்புகள். கேட்டுக்கு முன்னால் நின்று எட்டிப்பார்க்க வேண்டாம்.

அடுத்து, பல்கலைக்கழகப் பகுதியில் 'அம்தாவாத் நி குஃபா'. ஓவியர் எம்.எஃப். ஹுசைனும் தோஷியும் சேர்ந்து 1990களில் உருவாக்கிய நிலத்தடிக் கலைக்கூடம். மேலே உடைந்த ஓடுகளைப் பதித்த குமிழ்க் கூரைகள், அதன்மேல் நெளியும் கரும்பாம்பு. சாய்ந்த வெயிலில் ஓடுகள் மின்னும். பக்கத்திலேயே தோஷி கட்டிய செப்ட் கட்டடக் கலைக் கல்லூரி வளாகம். கல்லூரிக்குள் போவதற்குக் காவலரிடம் கேளுங்கள். ஐஐஎம் வளாகத்துக்கு நேரில் போய் நின்றால் உள்ளே விடுவது சந்தேகம்தான்; சில நாட்களுக்கு முன்பே எழுதி அனுமதி வாங்குவதுதான் சரி.

சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்பு, நேரு பாலத்தைக் கடந்து பழைய நகரத்துக்கே திரும்புங்கள். பாலத்தின் அந்தப் பக்கம் சிதி சையது மசூதி. 1572-73இல் கட்டப்பட்டது. பின்பக்க, அதாவது மேற்குச் சுவரில்தான் மரமும் கொடியும் பின்னிப் பிணைந்த அந்தப் புகழ்பெற்ற கல் ஜாலிகள் இருக்கின்றன. மாலை வெயிலில் மணற்கல் தேன் நிறத்துக்கு மாறும். ஐஐஎம் அகமதாபாத்தின் இலச்சினை இந்த ஜாலியிலிருந்து வந்ததுதான். 16ஆம் நூற்றாண்டுக் கல்லும் 20ஆம் நூற்றாண்டு நிறுவனமும் ஒரு கோட்டுருவத்தில் சந்திக்கும் இடம் இது.

போனில் எடுக்கும்போது என்ன கவனிக்கணும்?

- நேர்க்கோடு நேராக இருக்கட்டும். போனை அண்ணாந்து பிடித்தால் கட்டடம் பின்னால் சாய்வது மாதிரி தெரியும். கிரிட் கோடுகளை ஆன் செய்து, போனைச் செங்குத்தாகப் பிடியுங்கள். உச்சி அடங்கவில்லையா? பின்னால் நகருங்கள், அல்லது எதிரே ஒரு மாடி கிடைக்குமா பாருங்கள்.
- மெயின் லென்ஸே போதும். 0.5 தூரத்தை இழுத்துக் காட்டும், ஓரங்களை நீட்டும். தவிர்க்க முடியாத சந்துகளுக்கு மட்டும் வைத்துக்கோங்க. விவரங்களுக்கு இரண்டு மடங்கு ஜூம் நல்லது.
- ஆள் ஒருவர் ஃபிரேமில் இருக்கட்டும். கட்டடம் எவ்வளவு பெரிசு என்பது அப்போதுதான் தெரியும். முகம் தெரியணும் என்று அவசியமில்லை.
- வானத்தை மாற்றாதீங்க. ஏஐ எடிட்டில் கம்பி, குப்பைத் தொட்டி, ஏசி பெட்டி எல்லாவற்றையும் அழித்துவிட்டால் படம் அழகாக இருக்கும். ஆனால் அது உண்மையில் இருந்த கட்டடம் இல்லை. அழகுக்கு ஒரு காப்பி, அசலுக்கு ஒரு காப்பி எனத் தனியாக வைத்துக்கோங்க.

சட்டம் என்ன சொல்கிறது?

கட்டடத்தைப் படம் எடுத்து வெளியிட்டால் காப்புரிமை பிரச்சினை வருமா? கட்டட வடிவமைப்புக்கு இந்தியாவில் காப்புரிமை உண்டு. ஆனால், கட்டடத்தைப் படம் எடுப்பதும் அந்தப் படத்தை வெளியிடுவதும் காப்புரிமை மீறல் ஆகாது என்று 1957 காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. படத்தை எடுத்த நீங்கள்தான் அந்தப் படத்துக்கு உரிமையாளர். பிரான்ஸில் ஈபிள் கோபுரத்தின் இரவு விளக்கு அலங்காரத்துக்குத் தனிக் காப்புரிமை உண்டு. வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி வாங்கணும். அந்தச் சிக்கல் இங்கே இல்லை.

அப்படியானால் டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்கலாமா? கட்டடம் டிரேட்மார்க் ஆகியிருக்கிறதா என்று பார்க்கணும். மும்பை தாஜ்மஹால் பேலஸ் ஹோட்டல் கட்டடத்தின் தோற்றம் 2017இல் டிரேட்மார்க்காகப் பதிவானது. இந்தியாவில் ஒரு கட்டடத்துக்கு அப்படிக் கிடைத்தது அதுதான் முதல் முறை.

தொல்லியல் துறை இடங்களில் படம் எடுக்கலாமா? எடுக்கலாம். அஜந்தா குகைகள், லே அரண்மனை, தாஜ்மஹாலின் கல்லறை மண்டபம் ஆகிய மூன்றையும் தவிர, மத்தியப் பாதுகாப்பில் உள்ள மற்ற நினைவுச் சின்னங்களில் படம் எடுக்க 2018இல் அனுமதி அளிக்கப்பட்டது. இது கையில் பிடித்து எடுப்பதற்குத்தான். ட்ரைபாட், விளக்கு, திருமண ஷூட், விளம்பரப் படம் என்றால் முன் அனுமதி தேவை.

ட்ரோன்? 2021 ட்ரோன் விதிகளின்படி, பறக்கும் இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்க்க வேண்டும். நினைவுச் சின்னங்களுக்கு மேல் தனி அனுமதி இல்லாமல் பறக்கவிடாதீங்க. ஒருநாள் பயணத்துக்கு ட்ரோன் சுமையே தவிர உபயோகம் இல்லை.

காவலர் வந்து தடுத்தால்? பொதுச் சாலையிலிருந்து எடுப்பதற்கும் ஒருவருடைய இடத்துக்குள் நின்று எடுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. உள்ளே விடுவதும் படம் எடுக்கவிடுவதும் உரிமையாளர் விருப்பம். காப்புரிமைச் சட்டத்தைக் காட்டி அங்கே வாதாட முடியாது. ராணுவ இடங்கள் போன்ற தடை செய்யப்பட்ட பகுதிகளைப் படம் எடுத்தால் அரசு ரகசியச் சட்டம்கூடப் பாயலாம். நீதிமன்றம், விமான நிலையம் மாதிரி இடங்களில் போர்டைப் படித்துவிட்டுப் போனை எடுங்க.

அழகுப் படத்தோடு ஆவணப் படமும்

நல்ல படம் கிடைத்ததும் கிளம்பிவிடாமல், ஒரு கட்டடத்துக்குக் கூடுதலாகப் பத்து நிமிஷம் கொடுங்கள். கீழே இருக்கும் படங்கள் இன்ஸ்டாவில் லைக் வாங்காது. ஆனால், நாளைக்கு ஒரு பழுதுபார்ப்பாளருக்கோ ஆய்வாளருக்கோ இவைதான் உதவும்.

1. சுற்றியிருக்கும் தெருவோடு சேர்த்து முழுக் கட்டடம்.
2. பார்க்க முடிந்த ஒவ்வொரு முகப்பும், நேராக நின்று.
3. மூலையிலிருந்து இரண்டு பக்கங்கள் சேர்ந்து தெரிவது.
4. வாசல், படிக்கட்டு, சாய்தளம்.
5. இரண்டு பொருட்கள் சேரும் இடம்: செங்கலும் கான்கிரீட்டும், மரமும் கல்லும்.
6. சுவர்ப் பரப்பு நெருக்கத்தில். பக்கத்தில் அளவுக்கு ஒரு ரூபாய் நாணயம்.
7. விரிசல், கசிவு, உடைந்த பகுதி.
8. கல்வெட்டு, பெயர்ப் பலகை.

லொகேஷனை ஆன் செய்து எடுங்கள். கட்டடத்தின் பெயர், எந்தத் திசை முகப்பு, தேதி ஆகியவற்றை அன்று இரவே எழுதிவையுங்கள். ஒரு மாதம் கழித்து எது கிழக்கு, எது மேற்கு என்று ஞாபகம் இருக்காது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கும், அதில் இருக்கும் தகவல்களும் போய்விடும். அசல் ஃபைலைத் தனியாகச் சேமித்துவிடுங்க. மற்றவர்களுக்கும் பயன்படணும் என்றால் விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றலாம். நினைவுச் சின்னங்களுக்காக 'விக்கி லவ்ஸ் மான்யுமென்ட்ஸ்' என்ற புகைப்படப் போட்டியும் இருக்கிறது. குடியிருப்பு வீடுகளின் உட்புறம், மனிதர்களின் முகம் இருக்கும் படங்களை மட்டும் அவர்கள் சம்மதம் இல்லாமல் பொதுவில் போட வேண்டாம்.

அகமதாபாத் போக முடியாதவர்களுக்கு?

இதே முறையை மற்ற ஊர்களிலும் பின்பற்றலாம்.

மும்பை: ஓவல் மைதானத்தின் கிழக்கே விக்டோரியன் கோதிக் கட்டடங்கள், மேற்கே ஆர்ட் டெகோ குடியிருப்புகள். இரண்டும் சேர்ந்து 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன. ஆர்ட் டெகோவின் முகப்பு கிழக்கு பார்த்தது என்பதால் காலையில் அந்தப் பக்கம், மாலையில் எதிர்ப் பக்கம்.

டெல்லியிலிருந்து சண்டிகர்: காலை ரயிலில் போய் இரவு திரும்பலாம். லே கொர்பூசியேவின் கேபிடல் வளாகம் 2016 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். அரசு இயங்கும் இடம் என்பதால், அடையாள அட்டையோடு, சுற்றுலாத் துறையின் வழிகாட்டிக் குழுவில்தான் உள்ளே போக முடியும்.

சென்னை: டிக்கெட்கூட வேண்டாம். காலையில் சேப்பாக்கத்தில் 1879இல் கட்டி முடித்த செனட் ஹவுஸ். அங்கிருந்து பக்கத்திலேயே அண்ணா சாலையில் 1959இல் திறந்த 14 மாடி எல்ஐசி. திறந்தபோது அதுதான் இந்தியாவின் மிக உயரமான கட்டடம். தினமும் பஸ்ஸில் கடந்துபோகும் அந்த எல்ஐசி, 1958 சட்டத்தின்படி 'பழமையான சின்னம்' என்ற வரையறைக்குள் வர 2059 ஆகும். அதுவரை காத்திருக்காமல், இந்த வாரக் கடைசியிலேயே போய் நான்கு பக்கமும் எடுத்துவிடுங்க.